160 நாய், மாசத்தில ஒருக்கா வாற டொக்டர்: இது சட்டப்படி சரியா?

நீங்கள் கேட்டது இதுதான். கொழும்புக்கு வெளியில ஒரு ஷெல்டருக்கு சனி ஞாயிறில உதவிக்குப் போறீங்கள், 160 நாய் நிக்குது, வேலைக்கு ரெண்டே ரெண்டு பேர், மிருக டொக்டர் மாசத்தில ஒருக்கா வந்து ரெண்டு மணித்தியாலம் நிண்டிட்டுப் போறார், மற்ற நாள் முழுக்க அங்க வேலை செய்யிற அண்ணா தான் ஊசி போடுறார், சேலைன் ஏத்துறார், சில நேரம் புண்ணுக்குத் தையலும் போடுறார். இது சட்டப்படி சரியா, ஷெல்டர்களைப் பாக்கிறதுக்கு எண்டு அரசாங்கத்தில ஆரும் இல்லையா எண்டு கேட்டிருக்கிறீங்கள். ஆனா கடைசி வரியில "கம்ப்ளெயின் பண்ணினா பூட்டிப்போடுவினமோ, எல்லாம் திரும்ப றோட்டுக்குப் போயிடுமோ எண்டு பயமா இருக்கு" எண்டு எழுதியிருக்கிறீங்களே, உண்மையான கேள்வி அதுதான் எண்டு நினைக்கிறன். வாயைத் திறக்கிறதா பேசாமல் இருக்கிறதா எண்டதுதான் உங்களுக்குத் தெரிய வேணும். அதுக்கு நேரா ஓம் இல்லை எண்டு சொல்ல ஏலாது, கொஞ்சம் சுத்தித்தான் வர வேணும்.

நான் பேராதனையில படிச்ச மிருக வைத்தியர் (நாட்டில மிருக வைத்தியம் படிக்கிறதுக்கு இருக்கிற ஒரே பீடம் அதுதான்), வெள்ளவத்தையில சின்னக் கிளினிக் ஒண்டு, பதினாலு வருசமா சனிக்கிழமைகளில ஷெல்டர்களுக்கும் போய் வாறன். சட்டத்தரணி இல்லை. சட்டத்தைப் பற்றி நான் சொல்லுறது ஒரு டொக்டர் தெரிஞ்சு வைச்சிருக்க வேண்டிய அளவுக்குத்தான், கோட்டுக்குப் போற அளவுக்கு விசயம் போனா அதுக்குரிய ஆளைக் கேளுங்கோ.

முதல் உறுதியான பகுதி. எங்கட தொழிலை ஆளுற சட்டம் 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம், மிருக வைத்தியர்களைப் பதிவு செய்யிற சட்டம். வெட்ரினரி கவுன்சில் இருக்கிறது அதுக்குக் கீழதான், பதிவில்லாத ஆள் மிருக வைத்தியத்தைத் தொழிலாச் செய்ய ஏலாது. ஆனா வடிவாப் பாருங்கோ, அந்தச் சட்டம் கைக்குள்ள பிடிக்கிறது டொக்டரை. நான் பிழை விட்டா கவுன்சில் என்னைக் கூப்பிட்டுக் கேக்கலாம், ஒரு ஷெல்டர் பிழை விட்டா கவுன்சிலுக்கு அந்தக் கேற்றுக்குள்ள போறதுக்கு வழியே இல்லை. அடுத்தது 1907ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்தில வண்டில் மாட்டையும் குதிரையையும் மனசில வைச்சு எழுதினது, அதில ஆகக்கூடின தண்டப்பணம் 100 ரூபா, மூண்டு மாசம் மறியல். நூறு ரூபாக்கு இப்ப கொழும்பில ஒரு பிளேன்ரீயும் வடையும் கூட ஒழுங்கா வராது. இது ரெண்டோட சேத்து 1893இன் நீர்வெறுப்பு நோய் (விசர்நாய்) சட்டம், 1901இன் நாய்ப் பதிவுச் சட்டம், 1992இன் மிருக நோய்கள் சட்டம் எண்டு வேற வேற நோக்கத்தில வேற வேற காலத்தில எழுதின துண்டுகள் கிடக்கு. இதில எந்த ஒண்டும் "ஷெல்டர் நடத்திறதுக்கு லைசன்ஸ் எடு, இத்தனை நாய்க்கு இத்தனை டொக்டர் வை" எண்டு சொல்லேல்லை. ஆர் வேணுமெண்டாலும் காணி ஒண்டை எடுத்து, தகரம் அடிச்சு, பேஸ்புக்கில பேஜ் ஒண்டு திறந்து, வங்கிக் கணக்கு நம்பரைப் போட்டா அது ஷெல்டர். சமூக சேவை அமைப்பாப் பதியிறதோ கம்பனியாப் பதியிறதோ காசுக் கணக்கு சம்பந்தப்பட்ட விசயம், நாய்க்கு ஊசி ஆர் போடுறது எண்டதை அங்க ஒருத்தரும் கேக்கிறதில்லை.

அரசாங்க மிருக வைத்தியர் எண்டு ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஆள் இருக்கே எண்டு கேப்பீங்கள். இருக்கினம், ஆனா அவையின்ர வேலை பெரும்பாலும் மாடு, ஆடு, கோழி, சினைப்படுத்திற ஊசி, பால் உற்பத்தி. 1987இல 13ஆம் திருத்தம் வந்த பிறகு கால்நடை விசயம் மாகாண சபையின்ர கையில, விசர்நாய்த் தடுப்பு சுகாதார அமைச்சின்ர கையில, தெருநாய் பிடிக்கிறது உள்ளூராட்சி சபையின்ர கையில, கொழும்பு மாநகர சபைக்கு எண்டு தனியா ஒரு மிருக வைத்தியப் பகுதி. ஷெல்டர் நாய் இந்த நாலு மேசைக்கும் நடுவில விழுந்து கிடக்கு, ஒவ்வொரு மேசையும் மற்ற மேசையைக் காட்டும்.

இனி சாம்பல் பகுதி. உங்கட ஷெல்டர் அண்ணா செய்யிறது குற்றமா? தன்ர வீட்டு நாய்க்கு ஒருத்தர் டொக்டர் எழுதின மருந்தைக் குடுக்கிறதை ஒருத்தரும் குற்றம் எண்டு சொல்ல மாட்டினம். ஷெல்டர் நாய் ஆற்ற நாய்? அமைப்பின்ர நாயா, கூட்டிக்கொண்டு வந்தவரின்ர நாயா, றோட்டின்ர நாயா? அமைப்புத்தான் சொந்தக்காரன் எண்டா அண்ணா சொந்தக்காரன்ர ஆளாத் தன்ர நாயைப் பராமரிக்கிறார் எண்டு வாதாடலாம். மறுபக்கம், அவர் சம்பளத்துக்கு நாள் முழுக்க வைத்தியம் செய்யிறார், அது தொழில் தானே எண்டும் வாதாடலாம். ரெண்டு பக்கமும் கதைக்க இடம் இருக்கு, அதாலதான் "சட்டவிரோதம்" எண்ட சொல்லை இந்த இடத்தில வேகமாப் பாவிக்காதீங்கோ எண்டு சொல்லுறன். தையலும் ஒப்பரேசனும் வேற, அதுக்கு வாறன்.

அதுக்கு முதல் என்ர பிழை ஒண்டைச் சொல்ல வேணும், சொல்லாமல் விட்டா நான் ஏதோ மேல இருந்து உபதேசம் பண்ணுற மாதிரி இருக்கும். தொழில் தொடங்கின புதுசில, பேர் சொல்லாத ஒரு இடத்தில, ரெண்டு மாசக் குட்டியள் ஒரு கூட்டம் சொறி பிடிச்சு மயிர் எல்லாம் கொட்டி நிண்டுது. ஐவர்மெக்டின் ஊசி மருந்து, மாட்டுக்குப் பாவிக்கிற 1 சதவீதப் போத்தல், அதில ஒரு மில்லியில 10 மில்லிகிராம் இருக்கு. ரெண்டு கிலோக் குட்டிக்கு நான் குடுக்க நினைச்ச அளவு 0.06 மில்லி, ஒரு துளி எண்டு வையுங்கோ. அடுத்த கிழமை எனக்கு வர ஏலாது எண்டு போட்டு, பாதிப் போத்தலை அங்க வேலை செய்த பெடியனிட்டக் குடுத்து, அரிசிப் பையின்ர பேப்பர்த் துண்டில அளவை எழிதி வைச்சிட்டு வந்தன். அவன் 0.6 எண்டு வாசிச்சிருக்கிறான். பத்து மடங்கு. அடுத்த நாள் போன் வந்தது, "டொக்டர், குட்டியளுக்குக் கண் தெரியேல்லைப் போல, சுவரில மோதுதுகள், நடுங்குதுகள்" எண்டு. அந்த மருந்துக்கு முறிப்பு மருந்து எண்டு ஒண்டு இல்லை, சேலைன் குடுத்து, சூடு குடுத்து, காத்திருக்கிறது தான். ஒண்டு செத்துது, மிச்சம் நாலைஞ்சு நாளில தெளிஞ்சுது. பெடியன் அழுதான். பிழை அவனில இல்லை, அவன் கையில அந்தப் போத்தலையும் அந்தத் துண்டையும் குடுத்தது நான். அண்டைக்குப் பிறகு தசம் போட்டு எழுதிறதை விட்டிட்டன், இன்சுலின் சிறிஞ்சில கோடு கீறி "இந்தக் கோடு வரைக்கும்" எண்டுதான் குடுக்கிறது, அதுவும் நான் நேர நிண்டு பழக்கின ஆளுக்கு மட்டும்.

அந்தக் கதையைச் சொன்னது ஏனெண்டா, ஊசி ஆரின்ர கையில இருக்கு எண்டதை விட, அந்த ஊசிக்கு ஆர் பொறுப்பு எண்டு எழுதி இருக்கா எண்டதுதான் நான் முதல் பாக்கிறது. சுகாதார அமைச்சே விசர்நாய்த் தடுப்பூசியைத் தெருத் தெருவாப் போடுறதுக்குப் பழக்கின வக்சினேட்டர்மாரைத்தான் பாவிக்குது, அவை டொக்டர்மார் இல்லை, அதால ஒரு கேடும் வரேல்லை, எத்தினை உயிர் தப்பியிருக்கு. அப்ப தடுப்பூசி, பூச்சி மருந்து, டொக்டர் எழுதிக் குடுத்த குளிசை, புண் கழுவிறது, டொக்டர் சொல்லித்தந்த மாதிரி தோலுக்குக் கீழ சேலைன், இதெல்லாம் பழக்கின ஆள் எழுத்தில இருக்கிற கட்டளைப்படி செய்யலாம் எண்டது என்ர அபிப்பிராயம், உலகத்தில கன இடத்தில நடைமுறையும் அதுதான். நோய் என்ன எண்டு முடிவெடுக்கிறது, புது மருந்து தொடங்கிறது, மயக்க மருந்து, கத்தி வைக்கிற எந்த வேலையும், உயிரை முடிக்கிறது, இது அஞ்சும் டொக்டரைத் தவிர ஆருக்கும் இல்லை. இதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. உங்கட அண்ணா தையல் போடுறார் எண்டா ஒண்டில் அந்த நாய் விறைப்பூசி இல்லாமல் நோவோட கிடந்து துடிக்குது, இல்லாட்டி டொக்டர் கெட்டமின், சைலசின் மாதிரி மயக்க மருந்தை அங்க வைச்சிட்டுப் போறார். ரெண்டும் பிழை. ரெண்டாவது எண்டா அது அந்த டொக்டரின்ர பிழை, அதுக்குக் கவுன்சில் இருக்கு.

இப்ப நீங்கள் கேக்காத ஒண்டு, ஆனா உங்கட கேள்வியிலயே பதில் கிடக்கு. 160 நாய், ரெண்டு பேர். அமெரிக்க ஷெல்டர்களில கனகாலமாப் பாவிக்கிற ஒரு கணக்கு இருக்கு, ஒரு மிருகத்துக்கு ஒரு நாளைக்குக் கூடு கழுவ 9 நிமிசம், சாப்பாடு தண்ணிக்கு 6 நிமிசம், மொத்தம் 15 நிமிசம். மருந்து, நடத்திக்கொண்டு போறது, தடவிக் குடுக்கிறது இதில இல்லை. 160ஐ 15ஆல பெருக்குங்கோ, 2400 நிமிசம், 40 மணித்தியாலம். எட்டு மணித்தியாலப்படி அஞ்சு பேர் வேணும், அதுவும் ஒருத்தரும் லீவு போடாமல், ரீ குடிக்காமல். உங்களிட்ட ரெண்டு பேர். அந்த ரெண்டு பேர் கெட்டவை இல்லை, அவையால ஒரு நாயை ஆறு நிமிசத்துக்கு மேல பாக்க ஏலாது, அவ்வளவுதான். ஆறு நிமிசத்தில சாப்பாட்டுக் கோப்பையை வைச்சிட்டு ஓடுற ஆள் மூலைக்க கிடக்கிற குட்டி காலமை சாப்பிடேல்லை எண்டதை எப்படிக் காணுவார்? காணாதபடியாத்தான் நோய் முத்தின பிறகு ஊசி, ஊசிக்கு டொக்டர் இல்லை, பிறகு "ஆர் போட்டது" எண்டு நாங்கள் சட்டம் கதைக்கிறம்.

எண்ணிக்கை எப்படிக் கூடுது எண்டது இன்னொரு சின்னக் கணக்கு. ஒரு நாளைக்கு வாற நாயை, ஒரு நாய் சராசரியா நிக்கிற நாளால பெருக்கினா, எந்த நாளும் உள்ள நிக்கிற தொகை வரும். நாளுக்கு ரெண்டு வந்து ஒவ்வொண்டும் 30 நாள் நிண்டா 60. அதே ரெண்டு வந்து 80 நாள் நிண்டா 160. ஒரு நாயும் கூட வரேல்லை, வீடு கிடைக்கிறதுக்கு நாள் கூடினபடியா மட்டும் கூடு நிரம்பிட்டுது. இங்க ஆக்கள் கேக்கிறது லாப்ரடோர்க் குட்டி, பொமரேனியன், றோட்டில பிறந்த மண்ணிறப் பெட்டை நாயைக் கேக்கிற ஆள் குறைவு. கருத்தடை செய்யாத பெட்டை எண்டா சொல்லவே தேவையில்லை, பெட்டைக்குட்டியளைத்தான் பெட்டியில போட்டுக் கொண்டு வந்து இரவில கேற்றடியில வைச்சிட்டுப் போவினம்.

அந்தப் பெட்டிதான் ஷெல்டரைக் கொல்லுறது. பெட்டிக்க இருக்கிற குட்டிக்குப் பார்வோ (வயித்தைத் தாக்குற வைரஸ் நோய்) வந்திருந்தா வெளியில தெரியிறதுக்கு மூண்டு தொடக்கம் ஏழு நாள், சில வேளை ரெண்டு கிழமை. பாவம் பாத்து மற்றக் குட்டியளோட விட்டாச் சரி, எல்லாத்துக்கும். டிஸ்டெம்பர் எண்டுற மற்ற வைரஸ் நோய் இன்னும் மோசம், ஆறு கிழமை வரையும் ஒளிச்சிருக்கும், அதால ரெண்டு கிழமை தனிமைப்படுத்தினா எல்லாம் சரி எண்டு ஆரும் சொன்னா நம்பாதீங்கோ. செய்யக்கூடியது என்னெண்டா, கேற்றுக்குள்ள வாற நிமிசமே தடுப்பூசி, குட்டி எண்டா நாலு ஆறு கிழமைக்கு இடைப்பட்ட வயசில தொடங்கி ரெண்டு மூண்டு கிழமைக்கு ஒருக்கா அஞ்சு மாசம் வரையும், புதுசுகளுக்குத் தனி இடம், தனி வாளி, தனிச் செருப்பு, அந்த இடத்தைக் கடைசியாத்தான் கழுவிறது. டெட்டோல் மாதிரி வாசம் வாற சாமான் பார்வோவுக்குக் காணாது. முதல் மலத்தையும் ஊத்தையையும் சோப்பால கழுவிப்போட்டு, பிறகு 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணி 32 பங்கு, 10 நிமிசம் ஈரமா நிக்க விட வேணும். ஊத்தைக்கு மேல பிளீச் ஊத்தினா பிளீச்தான் வீண், மண் நிலத்தில எண்டா அந்தக் கிருமி மாசக்கணக்கில கிடக்கும். இது எதுக்கும் டொக்டர் ஒவ்வொரு நாளும் வரத் தேவையில்லை, ஆனா ஒரு டொக்டர் ஒருக்கா இருந்து எழுதிக் குடுத்து, மாசா மாசம் அது நடக்குதா எண்டு பாக்க வேணும். அதை விட முக்கியமா, "இந்த மாசம் இனி ஒரு நாயும் எடுக்காதீங்கோ" எண்டு சொல்லுற அதிகாரம் அவருக்கு எழுத்தில இருக்க வேணும். என்ர அனுபவத்தில ஷெல்டர் நடத்திற ஆக்கள் மருந்துக் காசை விட அந்த ஒரு வசனத்துக்குத்தான் கூடப் பயம், ஏனெண்டா காசு அனுப்புற ஆக்கள் புதுப் புது மீட்புக் கதையைத்தான் கேக்கினம்.

வெளிநாட்டில எப்படி எண்டும் கேட்டிருந்தீங்கள். அமெரிக்காவில ஷெல்டர் மிருக வைத்தியர்மாற்ற சங்கம் 2010இல ஒரு வழிகாட்டி போட்டது, 2022 கடைசியில ரெண்டாம் பதிப்பு வந்தது, அதின்ர முதுகெலும்பே ஒழுங்காப் பாக்கக்கூடிய அளவுக்கு மேல மிருகம் எடுக்கக் கூடாது எண்டதுதான். அது சட்டம் இல்லை, வழிகாட்டி. ஸ்கொட்லாந்தில 2021இல இருந்து மீட்பு நிலையங்களுக்கு லைசன்ஸ் கட்டாயம். இந்தியாவில 2023 விதிகளின்படி மிருக நல வாரியத்தின்ர அங்கீகாரம் இல்லாமல் நாய்க் கருத்தடை நிலையம் நடத்த ஏலாது. அதே இந்தியாவில 2025 ஓகஸ்ட் 11 உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய் எல்லாத்தையும் பிடிச்சு ஷெல்டரில அடை எண்டு சொல்லி, பதினொரு நாளில அதை மாத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு விசரும் மூர்க்கமும் இல்லாததைத் திரும்ப அதே இடத்தில விடு எண்டு சொன்னதைப் பாத்திருப்பீங்கள். கொழும்பிலயும் நாய் ஆரையும் கடிச்சா உடன "எல்லாத்தையும் ஷெல்டரில போடுங்கோ" எண்டு ஒரு சத்தம் வரும். நான் மேல சொன்ன 15 நிமிசக் கணக்கை அவைக்கு ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ.

எங்கட பக்கம் முயற்சி நடக்கேல்லை எண்டும் இல்லை. 2006இல சட்ட ஆணைக்குழு மிருக நலச் சட்டமூலம் ஒண்டு தயாரிச்சுது, 2010இல அது தனி உறுப்பினர் சட்டமூலமாப் பாராளுமன்றத்துக்குக் கொண்டு வரப்பட்டுது, பிறகு அமைச்சரவைப் பத்திரம், கருத்துக் கேட்டல், திரும்பவும் முதலில இருந்து எண்டு அரசாங்கம் மாற மாற இழுபட்டுக்கொண்டு வந்தது. அதில இருக்கிற நல்ல விசயம், கொடுமை செய்தவனைத் தண்டிக்கிறதோட நிக்காமல், மிருகத்தை வைச்சிருக்கிற ஆளுக்கு அதைப் பராமரிக்கிற கடமை எண்டு ஒண்டைச் சுமத்துது. ஷெல்டருக்கு உண்மையாத் தேவை அந்த வசனம்தான், ஏனெண்டா அங்க ஒருத்தரும் அடிக்கிறதில்லை, கவனிக்க ஏலாமல் போகுது, 1907 சட்டத்தை அதுக்குப் பொருத்திறது கஷ்டம்.

ஆனா இதிலயும் நான் கண்ணை மூடிக்கொண்டு கை தட்ட மாட்டன். அதே 2006இல இருந்து நாட்டில விசர்நாய்க் கட்டுப்பாட்டுக்கு எண்டு தெருநாய் கொல்லுறதை நிப்பாட்டியாச்சு, அது நல்லது, ஆனா கொல்லவும் ஏலாது வீடும் இல்லை எண்டா ஆக்களில பாயிற நாய் போற இடம் ஷெல்டர் தான். நாளைக்கே "லைசன்ஸ் இல்லாட்டிப் பூட்டு" எண்டு வர்த்தமானி வந்தா, பெரிய காசுள்ள நாலு இடம் லைசன்ஸ் எடுக்கும், வீட்டுப் பின் வளவில அம்பது நாயோட இருக்கிற அன்ரிமார் கேற்றைப் பூட்டிப்போட்டு உள்ளுக்க ஒளிச்சு வைப்பினம், நான் கூடப் பிறகு அங்க போக ஏலாது. 2022இல அதைக் கண்ணால கண்டன். பெற்றோல் வரிசையால எனக்கு ரெண்டு மாசம் போக ஏலேல்லை, நாய்ச் சாப்பாட்டு விலை எகிறி வளத்த ஆக்களே கொண்டு வந்து விட்டவை, மார்ச் முடிவில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. தடுப்பூசி 2 தொடக்கம் 8 பாகைக்குள்ள இருக்க வேணும், பிரிட்ஜ் நிண்டுட்டுது. ஒரு இடத்தில சூடாகிப்போன குப்பியளைப் போட்டுப்போட்டு "தடுப்பூசி போட்டாச்சு" எண்டு கொப்பியில எழிதி வைச்சிருந்தினம். கொப்பி சரி, லைசன்ஸ்காரன் வந்து பாத்தா எல்லாம் சரி, நாய்க்குள்ள போனது வெறும் தண்ணி. அதால சட்டம் எழுதிற ஆள் நானா இருந்தா, முதல் ரெண்டு வருசத்துக்குக் கேக்கிறது மூண்டே மூண்டு: எத்தினை நிக்குது எண்டு ஒரு பதிவு, பேர் போட்டுக் கையெழுத்து வைச்ச ஒரு பொறுப்பு டொக்டர், பிரிட்ஜுக்க ஒரு வெப்பமானி. பூட்டிறதைப் பற்றி அதுக்குப் பிறகு கதைப்பம்.

கருணைக் கொலை பற்றியும் ஒரு சொல், கோவிக்காதீங்கோ. 2006 கொள்கை, முள்ளந்தண்டு முறிஞ்சு பின்பக்கம் அழுகிக் கிடக்கிற நாயின்ர வேதனையை ஒரு டொக்டர் முடிக்கிறதைத் தடுக்கேல்லை. தடுக்கிறது எங்கட மனசு. "பாவம் டொக்டர், அதின்ர கர்மம், தானாப் போகட்டும்" எண்டு எத்தினை இடத்தில எனக்குச் சொல்லியிருப்பினம், பௌத்தர், இந்து, கிறிஸ்தவர் எண்டு வித்தியாசம் இல்லை. நான் அதை மதிக்கிறன், ஆனா மூண்டு கிழமை புழுவோட கிடந்து தானாப் போறதைப் பாத்த ஆள் நான். எந்த ஒழுங்கு விதி வந்தாலும், இந்த முடிவை ஆர் எடுக்கிறது, எப்ப எடுக்கிறது, முதல் ஆழமா மயக்கிப்போட்டுத்தான் அடுத்த ஊசி எண்டது எல்லாம் எழுத்தில இருக்க வேணும்.

இனி உங்கட பயத்துக்கு வாறன். இப்ப இருக்கிற சட்டத்தில நீங்கள் ஒரு கம்ப்ளெயின் குடுத்து அந்த ஷெல்டர் நாளைக்குப் பூட்டுப்படும் எண்டதுக்கு வழி குறைவு, ஆர் பூட்டிறது எண்டதே தெளிவில்லை. அதே காரணத்தால கம்ப்ளெயினால நாய்க்கு உடன நன்மை வாறதும் குறைவு. அதால நான் உங்கட இடத்தில இருந்தா முதல் நடத்திற ஆளோட கதைப்பன், சண்டை பிடிக்காமல், கணக்கோட. வாற நாய், போற நாய், செத்த நாய், மூண்டு நிரல் போட்ட கொப்பி ஒண்டை நீங்களே தொடங்குங்கோ, மூண்டு மாசம் எழுதினா அது பேசும். டொக்டரிட்டத் தனியாக் கேளுங்கோ, தையலும் மயக்க மருந்தும் அவருக்குத் தெரிஞ்சுதான் நடக்குதா எண்டு. தெரியாது எண்டா அவரே நிப்பாட்டுவார், தெரியும் எண்டு சொல்லிச் சிரிச்சா வெட்ரினரி கவுன்சிலுக்கு எழுதுங்கோ, அதில எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. மிருகத்தைப் பட்டினி போடுறது, வேணுமெண்டு வதைக்கிறது கண்டா பொலிஸ், 100 ரூபாத் தண்டம் எண்டாலும் பதிவு பதிவுதான். விசர் எண்டு சந்தேகமா ஒரு நாய் செத்தா ஒருத்தரையும் கேக்காமல் பிஎச்ஐக்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு) சொல்லுங்கோ, தலையைப் பொரளையில இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில (எம்ஆர்ஐ) சோதிக்கலாம், அதில மட்டும் ஷெல்டரின்ர பேர் கெடும் எண்டு யோசிக்காதீங்கோ.

நீங்கள் ஊசி போட்டிருக்கிறீங்களா எண்டு எழுதேல்லை. ஷெல்டருக்குப் போற ஆக்கள் கடி வாங்க முதலே விசர்நாய்த் தடுப்பூசி போட வேணும், உலக சுகாதார நிறுவனத்தின்ர 2018 முறைப்படி முதல் ஒண்டு, அதுக்கு ஏழு நாள் கழிச்சு ஒண்டு எண்டு ரெண்டு தரம்தான். போட்டிருந்தாலும் கடிச்சா சோப்பும் ஓடுற தண்ணியுமா 15 நிமிசம் கழுவிப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, "எங்கட நாய்தானே" எண்டு இருக்காதீங்கோ.

கடைசியா, பின்பக்கத்தால சொட்டுச் சொட்டா ரத்தம் போற அந்த மண்ணிறப் பெட்டை. ரெண்டு மாசமா அன்ரிபயோட்டிக் போட்டும் நிக்கேல்லை எண்டு எழுதியிருந்தீங்கள். பாக்காமல் முடிவு சொல்ல மாட்டன், ஆனா றோட்டு நாயில நான் முதல் சந்தேகப்படுறது டிவிரி (TVT) எண்டுற தொத்துக் கட்டி, புணர்ச்சியால பரவுறது, நக்கிறதாலயும் பரவும். அன்ரிபயோட்டிக்குக்கு அது அசையாது. வின்கிறிஸ்டின் எண்ட மருந்து கிழமைக்கு ஒருக்கா நாலு தொடக்கம் ஆறு தரம் ரத்தக் குழாயில ஏத்தினா பெரும்பாலும் சுத்தமாக் கரைஞ்சிடும், ஆனா அது ரத்தக் குழாய்க்கு வெளியில ஒழுகினாச் சதை அழுகும், அதால அண்ணா போடவே கூடாத ஊசி அது. அடுத்த முறை டொக்டர் வரேக்க முதல் அந்த நாயைக் காட்டுங்கோ, கட்டியில ஒரு ஸ்லைட் எடுத்துப் பாக்கச் சொல்லுங்கோ, அது வரைக்கும் தனிக் கூட்டில விடுங்கோ. மருந்து தொடங்கின பிறகு அதின்ர மூத்திரத்திலயும் மலத்திலயும் கொஞ்ச நாளைக்கு மருந்து வரும், கூடு கழுவேக்க கையுறை போடுங்கோ.